கரண்ட் திரும்பி வந்த பிறகு

பிப்ரவரி 4

அன்பு நாத்தனாருக்கு,

அண்ணி எழுதறேன். நாங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கோம். மலைக் குளிர்ல இருமல் படுத்துதுன்னு போன தடவை எழுதியிருந்தே. இப்போ தேவலையா?

ஒரு மலையில இருக்கற ரேடியோ டவருக்கே கரண்ட் நிக்காம பாத்துக்கறவ நம்ம வீட்டுப் பொண்ணு. அப்படியிருக்க எங்க பட்டறையில ஒரே ஒரு லேசர் மெஷினுக்கு வழி தெரியலைன்னு வெளிய சொன்னா சிரிப்பாங்க. அதான் உன்கிட்ட கேக்கறேன்.

இங்க ஒரு நாளைக்கு ரெண்டு தடவை, சில நாள் அஞ்சு தடவை கரண்ட் போகுது. சொல்லிட்டுப் போறதும் இல்ல, சொல்லிட்டு வர்றதும் இல்ல. பாதி வெட்டின பலகையெல்லாம் குப்பைக்குப் போகுது. போன மாசம் மெஷினோட கண்ணாடி ட்யூபே விரிசல் விட்டுப் போச்சு. லேசர் பிறக்கறதே அந்த ட்யூப்லதான். அது இல்லைன்னா மெஷின் வெறும் மேஜை.

இப்போ பெரிய வேலை ஒண்ணு கைக்கு வந்திருக்கு. குழந்தைங்களுக்குன்னு ஒரு நூலகம் திறக்கறாங்க. தரையில உக்காந்து சேக்கற மரப் புதிர் நாப்பது, சுவர்ல ஒட்டற எழுத்து மொத்தமும் நம்ம பொறுப்பு. ஜூலையில திறப்பு. கெட்டுப்போச்சு, தாமதமாச்சுன்னு போய் நிக்க முடியாது.

உன் அண்ணன் டீசல் ஜெனரேட்டர்தான் வேணும்னு சொல்றாரு. பேட்டரிக் கடைக்காரர், "வீட்டுல ஃபேன் ஓடுதே, லைட் எரியுதே, இது மட்டும் ஓடாதா?"ன்னு வீட்டு இன்வெர்ட்டரைத் தலையில கட்டப் பாக்கறாரு. எனக்கு என்ன வேணும்னா, மெஷின் நிக்கவே கூடாது. அவ்வளவுதான். எது வாங்கலாம்னு நீ சொல்லு.

உன் அண்ணனுக்கு வேலை ஜாஸ்தி. ஞாயித்துக்கிழமை போன் வர்றதில்லைன்னு மனசுல வெச்சுக்காதே. கழுத்துக்குத் துணி சுத்திக்கிட்டு வெளிய போ.

அன்புடன்,
அண்ணி


பிப்ரவரி 13

அன்புள்ள அண்ணிக்கு,

உங்க கடிதம் புதன்கிழமை வேன்ல காய்கறியோட வந்துச்சு. இருமல் போயிடுச்சு. நீங்களும் அண்ணனும் சுகமா இருக்கீங்கன்னு படிச்சதுல நிம்மதி.

கடைக்காரர் காட்டற இன்வெர்ட்டரை வாங்கிடாதீங்க. விலை குறைஞ்சதுல வர்ற கரண்ட் கரடுமுரடா இருக்கும். ஃபேன் முனகிக்கிட்டே சுத்திடும், லேசருக்குக் கரண்ட் குடுக்கற பெட்டி செத்துப்போயிடும். அண்ணன் சொல்ற ஜெனரேட்டர் நல்ல சாமான்தான். ஆனா அது உயிர் வந்து நிலைக்கறதுக்குள்ள உங்க மெஷின் அணைஞ்சு, வெட்டின பலகை வீணாயிருக்கும்.

இதுக்கு மேல நான் சொல்லணும்னா எனக்குக் கணக்கு வேணும். ஒவ்வொரு சாமானுக்கும் பின்னாடி ஒரு தகடு இருக்கும், அதுல எத்தனை வாட்ஸ்னு போட்டிருக்கும். அதை எழுதுங்க. எது எது கெட்டுச்சு, கெட்டப்போ என்ன நடந்துச்சுன்னும் வரிசையா எழுதுங்க. டாக்டர்கிட்ட சொல்ற மாதிரி சொல்லணும். வெக்கப்பட்டு எதையும் விட்டுடக் கூடாது.

அண்ணனையே எழுதச் சொல்லுங்களேன். டெஸ்டரை எப்படிப் பிடிக்கணும்னு எனக்குக் காட்டினதே அவருதான். அன்னிக்கு வீடு முழுக்க இருட்டாக்கினதுக்குத்தான் எனக்கு "பியூஸ்"னு பேரு வெச்சாரு.

ரெண்டு பேரும் நேரத்துக்குச் சாப்பிடுங்க.

உங்க,
பியூஸ்


பிப்ரவரி 25

அன்பு நாத்தனாருக்கு,

இருமல் விட்டதுல சந்தோஷம். நாங்க எப்பவும் போல இருக்கோம். உன் அண்ணன் பசை ஒட்டற வேலையில இருக்காரு, கையெல்லாம் பசை. அதனால நானே எழுதறேன்.

தகடெல்லாம் துடைச்சுப் பாத்தேன். மெஷின் எழுநூறு வாட்ஸ். ட்யூபுக்குக் குளிர்ந்த தண்ணி அனுப்பற பெட்டி ஐந்நூறு. புகையை வெளிய இழுக்கற ப்ளோயர் ஐந்நூத்தி ஐம்பது. வெட்டற இடத்துல காத்து ஊதற குட்டி பம்ப் நூத்தி நாப்பது.

கெட்ட கதை மூணு. மொதல்ல ட்யூப். கரண்ட் போய் வந்துச்சு, மெஷின் விட்ட இடத்துலேர்ந்து வெட்ட ஆரம்பிச்சது, ஆனா தண்ணிப் பெட்டி தானா கிளம்பல. கொஞ்ச நேரத்துல ட்யூப் விரிஞ்சுது. ரெண்டாவது, அதே மாதிரி கரண்ட் வந்தப்போ காத்து பம்ப் ஓடல, லென்ஸ் கரியாப் போச்சு. மூணாவது தடவை கரண்ட் வந்தப்போ ப்ளோயர் ஓடல. புகை உள்ளயே நின்னு ப்ளைவுட் தீப்பிடிச்சது. ஈரச் சாக்கைப் போட்டு அமுக்கினேன். பெரிசா ஒண்ணும் இல்ல, பயப்படாதே. என் கையில ஒரு கொப்புளம், அவ்வளவுதான்.

தண்ணி ஓடலைன்னா மெஷின் தானா நிக்கும்னு புஸ்தகத்துல போட்டிருக்கு. ஆனா அது சும்மாச் சும்மா நிக்குதுன்னு ஒரு மெக்கானிக் ரெண்டு ஒயரை ஒண்ணா முறுக்கிவிட்டுட்டுப் போயிட்டாரு.

சீக்கிரம் பதில் போடு. உடம்பு பத்திரம்.

அண்ணி


மார்ச் 8

அன்புள்ள அண்ணிக்கு,

கொப்புளம் ஆறிடுச்சா? மறைக்காம எழுதுங்க. இங்க நான் குண்டுக்கல்லு மாதிரி இருக்கேன்.

உங்க கணக்கு அருமை. என் கூட வேலை செய்றவங்களே இவ்வளவு சுத்தமா எழுத மாட்டாங்க. எல்லாம் சேந்து கிட்டத்தட்ட ஆயிரத்துத் தொள்ளாயிரம் வாட்ஸ் வருது. உங்களுக்கு வேணும்கறது மூணு கே.வி.ஏ. ஆன்லைன் யு.பி.எஸ். அது எப்பவும் பேட்டரி வழியாவே கரண்ட் குடுத்துக்கிட்டிருக்கும். வெளிய கரண்ட் போனது மெஷினுக்குத் தெரியவே தெரியாது. நாலு சாமானையும் அதுலதான் மாட்டணும். காலையில போடறப்போ ஒவ்வொண்ணா போடணும், மோட்டாரெல்லாம் கிளம்பறப்போ ரெண்டு மூணு பங்கு கேக்கும்.

எவ்வளவு நேரம் தாங்கணும்? உங்க பெரிய புதிர்ப் பலகை ஒண்ணு வெட்ட எத்தனை நிமிஷம்? அவ்வளவு நேரம் தாங்கினா போதும். கையில இருக்கற பலகையை முடிச்சுட்டு மெஷினை மரியாதையா நிறுத்தலாம்.

இனி எனக்குப் புரியாத ஒண்ணு. கரண்ட் போனா என்ன செய்யறதுன்னு கேக்கறீங்க. ஆனா உங்க மூணு கதையிலயும் கரண்ட் போனப்போ பலகைதான் வீணாச்சு. மத்ததெல்லாம் கெட்டது கரண்ட் திரும்பி வந்தப்போ. தண்ணிப் பெட்டி ஓடலைன்னா தெருக்கோடி வரைக்கும் பீப் பீப்னு கத்துமே. ப்ளோயர் ஓடாத பட்டறை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும், திடீர்னு காதுல பஞ்சு வெச்ச மாதிரி இருக்கும். மூணு தடவையும் மெஷின்கிட்ட யாரும் இல்லையா? அண்ணன் வெளிய போயிருந்தாரா?

பதிலுக்குக் காத்திருக்கேன்.

பியூஸ்


மார்ச் 19

அன்பு நாத்தனாருக்கு,

நலம். கொப்புளம் ஆறியாச்சு. நீ நலம்னு எழுதினதுக்குச் சந்தோஷம்.

ஆமா, அன்னிக்கு அவரு மரக்கடைக்குப் போயிருந்தாரு. பெரிய பலகைக்குப் பதினாலு நிமிஷம் ஆகுது.

கடைக்காரர் இப்போ வேற பெரிய செட் ஒண்ணு சொல்றாரு. நாலு மணி நேரம் எல்லாத்தையும் தாங்குமாம். கரண்ட் போறதும் வர்றதும் மெஷினுக்குத் தெரியலைன்னா எந்தப் பிரச்சினையும் இல்லதானே? அதை வாங்கிடலாமான்னு மட்டும் சொல்லு. வேலை தலைக்கு மேல கிடக்கு.

அண்ணி


மார்ச் 28

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்க சுகம்னு எழுதினீங்க, ஆனா கடிதம் இத்தனூண்டா இருந்துச்சு.

நாலு மணி நேர செட் வேண்டாம். பதினாலு நிமிஷ வேலைக்கு இருபத்தஞ்சு நிமிஷம் தாங்கற பேட்டரி போதும். எவ்வளவு பெரிய பேட்டரியும் ஒரு நாள் தீரும். ஒயர் கழண்டாலும் தண்ணி நிக்கும், தூசி அடைச்சாலும் ப்ளோயர் நிக்கும். அதுக்கெல்லாம் கரண்ட் போகணும்னே இல்ல.

மரக்கடைக்கு அண்ணன் ஒரு தடவை போயிருக்கலாம். மூணு தடவையும் போயிருப்பாரா?

போன மழைக்காலத்துல அவரு கடைசியா போன் பண்ணினப்போ, ஏணியிலேர்ந்து விழுந்து கால் விரல் உடைஞ்சிருக்குன்னு சொன்னேன். "ரொம்ப சந்தோஷம், அப்படியே நல்லா இரு"ன்னு சொல்லிட்டு வெச்சுட்டாரு. கிண்டல் பண்றாருன்னு நினைச்சு ரெண்டு நாள் கோவமா இருந்தேன். இப்போ அந்தக் கோவத்தை நினைச்சா வெக்கமா இருக்கு.

நேரா கேக்கறேன் அண்ணி. அண்ணனுக்குக் காது கேக்குதா?

உங்க ரெண்டு பேரையும் நினைச்சுக்கிட்டே இருக்கேன்.

பியூஸ்


மே 10

அன்புள்ள அண்ணிக்கு,

ஆறு வேன் வந்துட்டுப் போயிடுச்சு. உங்க கையெழுத்து எதுலயும் இல்ல. சுகமா இருக்கீங்கன்னே வெச்சுக்கறேன்.

நான் கேட்டது தப்புன்னா அதை விட்டுடுங்க, பதிலே வேண்டாம். ஆனா தொழில் விஷயம் ஒண்ணு இருக்கு, அதுக்குக் கட்டாயம் பதில் வேணும். அந்த மெக்கானிக் முறுக்கின ரெண்டு ஒயரைப் பிரிச்சு, தண்ணி சென்சாரோட சேத்து மாட்டுங்க. யு.பி.எஸ். அப்புறம் வாங்கிக்கலாம், பேட்டரி அப்புறம் வாங்கிக்கலாம். அந்த ஒயர் சரியாகற வரைக்கும் மெஷினைத் தொடாதீங்க. யாரும் தொட வேண்டாம். நூலகம் ஒரு வாரம் தள்ளித் திறந்தா குழந்தைங்க மன்னிச்சுடுவாங்க.

மாட்டியாச்சுன்னு ஒரு வரி எழுதினா போதும்.

பியூஸ்


மே 17

அன்பு நாத்தனாருக்கு,

மாட்டியாச்சு. நானே மாட்டினேன். கரண்ட்டை அணைச்சு, நாலு தடவை பாத்துட்டுத்தான் கை வெச்சேன். உடம்புக்கு ஒண்ணுமில்ல. மனசுதான் சரியில்லாம இருந்துச்சு, அதான் எழுதல.

அவரு மரக்கடைக்குப் போகல. தீப்பிடிச்ச அன்னிக்கு மெஷினுக்கு ரெண்டடி தள்ளி, அதுக்கு முதுகைக் காட்டி உக்காந்து, பலகை ஓரத்துக்கு உப்புத்தாள் போட்டுக்கிட்டிருந்தாரு. உள் ரூம்ல இருந்த எனக்கு ப்ளோயர் சத்தம் காணோம்னு தெரிஞ்சுது. வந்து பாத்தா மெஷின் உள்ள நெருப்பு. அவரு ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கிட்டு, நிதானமா தேய்ச்சுக்கிட்டிருக்காரு. நான் சாக்கைத் தூக்கிக்கிட்டு ஓடின நிழலைப் பாத்துத்தான் திரும்பினாரு. அந்த முகம் எப்படி இருந்துச்சுன்னு நான் யார்கிட்டயும் சொல்லல.

ரெண்டு வருஷமா இப்படித்தான். வாடிக்கைக்காரங்க வந்தா நானே பேசிடறேன். போன் அடிச்சா நானே ஓடி எடுக்கறேன். அவரு மெஷின் போட்டா ஏதாவது வேலை இருக்கற மாதிரி அங்கயே சுத்தறேன். இதைப் பத்தி நாங்க ஒரு வார்த்தை பேசினதில்ல. அவருக்கும் தெரியும்னு நினைக்கறேன். கேக்க தைரியம் வரல.

உன்கிட்ட ஏன் சொல்லலைன்னா, இன்னிக்கும் நீ அண்ணன்னா அண்ணாந்து பாக்கறவ. அந்தப் பார்வையை அவருகிட்டேர்ந்து நான் எடுத்துடக் கூடாதுன்னு இருந்துச்சு. கரண்ட் நிக்கவே நிக்காம பாத்துக்கிட்டா, இந்த விஷயம் யாருக்கும் தெரியாமலே ஓடிடும்னு கணக்குப் போட்டேன். நீ என் கணக்கு அருமைன்னு எழுதினே. இது ஒண்ணுதான் தப்பாப் போச்சு.

இனி என்ன செய்யணும்னு சொல்லு.

உன்,
அண்ணி


மே 26

அன்புள்ள அண்ணனுக்கு,

பியூஸ் எழுதறேன். நலமா? நான் நல்லா இருக்கேன். உங்களுக்குத் தனியா கடிதம் எழுதறது இதுதான் மொதல் தடவை. இதை அண்ணிக்கும் படிச்சுக் காட்டுங்க, அவங்களுக்குத் தெரியாம எதுவும் எழுதல.

எங்க ஸ்டேஷன்ல பதினோரு பேர் வேலை செய்றோம். ஜெனரேட்டர் ஹாலுக்குள்ள போறப்போ எல்லாருமே காதை அடைச்சுக்கணும், அது சட்டம். அங்க பக்கத்துல இடி விழுந்தாலும் ஒருத்தருக்கும் கேக்காது. அதுக்காக எங்களை யாரும் வேலைக்கு லாயக்கில்லைன்னு வீட்டுக்கு அனுப்பல. எண்ணெய் குறைஞ்சா சிவப்பு லைட் எரியும், சூடு ஏறினா மெஷின் தானா நிக்கும். யாராவது காதால கேட்டு ஓடி வந்து நிறுத்துவாங்கன்னு நம்பி இந்த மலையில ஒரு சாமான் கூட வெச்சதில்ல. காது நல்லா இருக்கறவனும் தூங்குவான், கக்கூசுக்குப் போவான்.

உங்க பட்டறை அப்படி இல்ல. அது மொத்தமும் ஒரு மனுஷனோட காதை நம்பி ஓடுது. அது பட்டறையோட குறை, உங்க குறை இல்ல. அந்த ஒயரை முறுக்கினவனைத்தான் நான் தேடிக்கிட்டிருக்கேன்.

வேலை இதுதான். யு.பி.எஸ். மூணு கே.வி.ஏ., இருபத்தஞ்சு நிமிஷம். தண்ணி நின்னா லேசர் நிக்கணும், ஒயர் மாட்டியாச்சுன்னு அண்ணி எழுதினாங்க. ப்ளோயர் குழாயில காத்து ஓடுதான்னு பாக்கற சுவிட்ச் ஒண்ணு இந்த வேன்லயே அனுப்பறேன், காத்து பம்புக்கும் அதே மாதிரி ஒண்ணு. எது நின்னாலும் லேசர் நின்னு, மெஷினுக்கு மேல ஒரு சிவப்பு லைட் எரியணும். படம் போட்டு வெச்சிருக்கேன். இதை மாட்டத் தெரிஞ்ச கை நம்ம குடும்பத்துல யாரோடதுன்னு எனக்குத் தெரியும்.

ஜெனரேட்டரும் வேணுமா வேண்டாமாங்கறது நீங்க முடிவு பண்ண வேண்டியது. அது உங்க பட்டறை.

காதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. டாக்டர்கிட்ட போயிட்டு வந்து நீங்க சொல்லுங்க.

உங்க தங்கச்சி,
பியூஸ்


ஜூலை 22

அன்பு பியூஸுக்கு,

அண்ணன் எழுதறேன். சுகமா இருக்கோம். இந்தத் தடவை அதை வழக்கத்துக்காக எழுதல. நீ எப்படி இருக்கே? உடைஞ்ச விரல் எந்தக் கால்னு கூட எனக்குத் தெரியாது. நடக்கறப்போ வலிக்குதா?

தாமதத்துக்கு மன்னிச்சுடு. உன் கடிதத்தை நான் மொதல்ல தனியாத்தான் படிச்சேன். மூணு நாள் சட்டைப் பையிலயே வெச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். நாலாவது நாள் காலையில உன் அண்ணி முன்னாடி அதை வெச்சேன். அவ படிக்கல.

"எனக்கு அதுல என்ன இருக்குன்னு தெரியும்"னா.

"எத்தனை நாளாத் தெரியும்?"

"உங்களுக்கு எத்தனை நாளாத் தெரியுமோ அத்தனை நாளா."

"பின்ன ஏன் ஒண்ணும் கேக்கல?"

"நீங்க ஏன் ஒண்ணும் சொல்லல?"

ஒரு உண்மையைச் சொல்றேன். நான் மெஷின் போட்டதும் அவ துணியும் கையுமா வந்து, துடைச்ச மேஜையையே திரும்பத் துடைப்பா. ஏன்னு எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தேன். ட்யூப் விரிஞ்சப்போ கரண்ட்டைத் திட்டினேன். கரண்ட் வந்து எனக்கு எதிரா சாட்சி சொல்லப் போறதில்லையே. ஜெனரேட்டர் வேணும்னு நான் அடம்பிடிச்சதும் அதுக்குத்தான். அது ஓடினா தரை அதிரும். சத்தம் கேக்கலைன்னாலும் கரண்ட் போனதும் வந்ததும் கால் வழியா தெரிஞ்சுக்கலாம்னு நினைச்சேன். ஆனா தீப்பிடிச்ச அன்னிக்கு அவ கையைப் பாத்ததுலேர்ந்து எனக்குச் சோறு இறங்கல.

வேலைக்கு வர்றேன். நீ அனுப்பின சுவிட்ச் ரெண்டும் மாட்டியாச்சு. உன் படத்துல ஒரு தப்பு இருந்துச்சு, லைட்டுக்குப் போற ஒயரைத் தப்பான பக்கம் காட்டியிருந்தே. திருத்திட்டேன். யு.பி.எஸ். நீ சொன்னதுதான் வாங்கினேன். ஜெனரேட்டர் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். பெரிய பலகையைப் போட்டு, அது பாதி வெட்டினப்போ மெயினை நானே அணைச்சேன். ட்யூப் லைட் அணைஞ்சுது, ஃபேன் நின்னுது, மெஷின் பாட்டுக்கு வெட்டிக்கிட்டே இருந்துச்சு. முழுசா முடிச்சுட்டுத்தான் நின்னுது. அப்புறம் ஒவ்வொண்ணா பிடுங்கிப் பாத்தேன். தண்ணியைப் பிடுங்கினா நிக்குது, காத்தைப் பிடுங்கினா நிக்குது, ப்ளோயரைப் பிடுங்கினா நிக்குது. உன் அண்ணி கையைக் கட்டிக்கிட்டு வாசப்படியில நின்னு பாத்தா. எல்லாம் முடிஞ்சதும், "சரி, நான் போய்க் கொஞ்சம் படுக்கறேன்"னா. ரெண்டு வருஷத்துல மெஷின் ஓடறப்போ அவ படுத்தது அன்னிக்குத்தான்.

நாப்பது புதிரும் போயாச்சு. நூலகம் சொன்ன தேதியிலயே திறந்தாங்க.

டாக்டர்கிட்டயும் போனேன். இருபது வருஷம் மரம் அறுக்கற மெஷின் பக்கத்துல காதை அடைக்காம நின்னதோட கூலியாம். போனது போனதுதான், ஆனா மிச்சம் இருக்கறதுக்குக் காது மெஷின் வெச்சுக்கலாம்னாரு. இப்போ ரெண்டு காதுலயும் மாட்டியிருக்கேன். மொத நாள் பட்டறைக்குள்ள நுழைஞ்சு, என்ன இது இந்த ப்ளோயர் இப்படி அரைக்குதுன்னு கேட்டேன். பேரிங் போய் ஒரு வருஷம் ஆச்சாம். உங்களுக்குத் தொந்தரவா இல்லையேன்னு விட்டுட்டேன்னு சொல்றா உன் அண்ணி. மறுநாளே மாத்திட்டேன். எல்லாமே கேக்குதுன்னு சொல்ல மாட்டேன். கூட்டத்துல பேசினா இன்னும் கஞ்சி மாதிரிதான் இருக்கு. ஒருத்தர் எதிர்ல நின்னு பேசினா புரியுது.

அடுத்த மாசம் பத்தாம் தேதி அங்க வர்றேன். ரெண்டு ரயில், ஒரு பஸ், அப்புறம் உங்க வேன். தனியாத்தான் வர்றேன். எத்தனாவது பிளாட்பாரம், எந்த பஸ்னு அண்ணி ஒரு தாள்ல எழுதித் தரேன்னா, வேண்டாம்னுட்டேன். நீயும் கீழ இறங்கி வந்து காத்துக்கிட்டு நிக்காதே. விசாரிச்சுக்கிட்டு வந்துடுவேன்.

அன்புடன்,
அண்ணன்